நல்லகண்ணு வீட்டுத் தபால்

நம்பிக்கை என்ன விலை என்று தென்காசிக் கடைத்தெருவில் கேட்டால், கேட்டவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பொட்டலம் மடிப்பார்கள். ஆனால் போன வைகாசிக் கடைசியில் மேலகரத்தில் அது ஐந்நூறு ரூபாய்க்குக் கைமாறியது. உடைத்த புளி இரண்டு கிலோ கொசுறு.

விற்றவள் குழல்வாய்மொழி. சுரண்டையில் காய்கறி மண்டி வைத்திருந்தவரின் மகள். கத்தரிக்காய்ச் சாக்கைக் காலால் நெம்பிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். அவளிடம் பொருள் வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். மறுநாள் மறுபடியும் வருவார்கள். வியாபாரத்தில் அதற்கு மேல் பெயர் எடுக்க முடியாது.

அவள் புருஷன் சங்கரநாராயணனும் வியாபாரக் குடும்பம்தான். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் சீசனுக்குச் சீசன் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவன். எண்பது நாள் எண்ணெய்ச் சட்டி கொதித்தால்தான் மீதி இருநூற்று எண்பத்தைந்து நாள் வீட்டில் உலை கொதிக்கும். சாரல் பொய்த்த வருஷங்களில் இரண்டு பேரும் மேற்கே மலையைப் பார்த்து ஏசிக்கொண்டே கடன் வாங்கியிருக்கிறார்கள்.

மேலகரத்து வீட்டுக்கு அவர்கள் தை மாதம் வந்தார்கள். ஒத்தி வீடு. மூன்று லட்சத்தை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். வாடகை கிடையாது, அவர் தரப்பில் வட்டியும் கிடையாது. மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது பணம் அப்படியே திரும்பி வரும். குழல்வாய்மொழியின் நாலு பவுன் சங்கிலி அந்த மூன்று லட்சத்துக்குள் உருகிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு ஒன்று. சட்டி வைத்துப் பொரிக்கத் தோதான இடம். அதைப் பார்த்துத்தான் அவள் தலையாட்டினாள். முன்னால் குடியிருந்தவர்கள் யார், ஏன் போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பால் காய்ச்சிய மறுவாரம் முதல் தபால் வந்தது. தபால்காரர் சுடலைமணி சைக்கிளை விட்டு இறங்காமலே கவரை நீட்டினார்.

"மதினி, நல்லகண்ணு பேருக்கு வந்திருக்கு. ஒங்களுக்கு முன்ன இருந்தவரு. போன எடம் தெரியுமா?"

"எங்களுக்கு ஆளையே தெரியாதே."

"அப்போ 'வீடு மாறிப் போய்விட்டார்'னு எழுதித் திருப்பிருதேன். ஒங்களுக்கும் நல்லது. இது பைனான்ஸ் கம்பெனி தபாலு. சிவப்பு மையில சீல் குத்தியிருக்கான் பாருங்க."

"வேண்டாம், குடுங்க. வந்த தபால எதுக்குத் திருப்பிக்கிட்டு?"

அது மண்டி வீட்டுப் பழக்கம். லாரி ஆபீஸ் சீட்டு, செக், சரக்கு அனுப்பிய விவரம் எல்லாமே தபாலில் வந்த காலத்தில், பெயர் தப்பாகப் போட்டு வந்த கவரைக்கூட அவள் அப்பா வாங்கி வைப்பார். திருப்பினால் சரக்கும் திரும்பிப் போய்விடும். குழல்வாய்மொழி அந்தக் கவரைப் பில் குத்துகிற கம்பியில் குத்தி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். சித்திரை பிறந்தபோது கம்பியில் பதினொரு கவர் சேர்ந்திருந்தது.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், வெக்கையில் தெருநாய்கூடச் சாக்கடை ஓரம் படுத்திருந்த நேரத்தில், ஒரு பொம்பளை வாசல் கேட்டைத் தட்டினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல்கள் பத்தும் நகக்கண்ணோடு கறுத்துப்போயிருந்தன. தோளில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

"தங்கச்சி, நான் மூக்கம்மா. நல்லகண்ணு வீட்டுக்காரி. இந்த வீட்டுல ஆறு வருஷம் இருந்தோம்."

குழல்வாய்மொழி கேட்டைத் திறந்தாள். மூக்கம்மாள் உள்ளே வந்ததும் தன்னையறியாமல் இடது பக்கச் சுவிட்சைத் தட்டினாள்; மின்விசிறி ஓடியது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

"பரவால்ல. இருங்கக்கா. மோர் தாறேன்."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம்தான் பேச்சு வந்தது.

"லோடு ஆட்டோவுக்கு லோன் எடுத்தாவ தங்கச்சி. ரெண்டு வருஷம் ஒழுங்காத்தான் கட்டினோம். பெறவு அவுகளுக்கு இடுப்பு எலும்பு ஒடிஞ்சு நாலு மாசம் படுக்கை. வண்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். போனா போவுதுன்னு விட்டோம். வண்டிய வித்து எடுத்த பெறவும் இன்னும் பாக்கின்னு வாசல்ல வந்து உக்காந்தான். புள்ள படிக்குத காலேஜுக்குப் போன் போட்டுச் சொன்னான். வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாவ. இப்பம் பண்பொழில இருக்கோம்."

"அங்கன என்ன வேலை?"

"புளிக் குடோன்ல புளி உடைக்கேன். ஓடு தட்டி, நாரெடுத்து, கொட்டை எடுத்துக் குடுக்கணும். கிலோவுக்கு இம்புட்டுன்னு கூலி. குடோனுக்குப் பின்னாலயே ஒரு ரூம்பு. வாடகைய கூலில பிடிச்சுக்கிடுதாவ." விரல்களை விரித்துக் காட்டினாள். "சோறு பிசைஞ்சா புளிச்சோறு மாதிரி இருக்கும்."

சிரித்தாள். பிறகு கம்பியில் தொங்கிய கவர்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அது ஒண்ணும் எனக்கு வேண்டாம் தங்கச்சி. எனக்கு வேண்டியது ஒரே ஒரு தபாலு. எம் மக சுஜிதா நர்ஸிங் முடிச்சிட்டா. சென்னையில இருந்து பதிவுச் சான்று வரணும். இந்த வெலாசத்தக் குடுத்துத்தான் எழுதிப்போட்டிருக்கு. அது வந்தா கொல்லத்துல ஒரு ஆஸ்பத்திரில சேத்துக்கிடுதோம்னு சொல்லிருக்காவ. செங்கோட்டைல ரயில் ஏறினா கொல்லம். பதினெட்டாயிரம் சம்பளம். பைனான்ஸ்காரனுக்கும் மாசாமாசம் கட்டிப்புடலாம். அந்தக் கவர மட்டும் வாங்கி வச்சிருங்க."

"வச்சிருக்கேன்க்கா. வந்ததும் எப்படிச் சொல்ல?"

மூக்கம்மாள் கேட்டுக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் போன் நம்பரைச் சொன்னாள். குழல்வாய்மொழி ஒரு கவரின் முதுகில் எழுதிக்கொண்டாள். 'பண்பொழி, புளிக் குடோன் பின்புறம், மூணாவது கதவு' என்று விலாசத்தையும் அவளே கேட்டு எழுதினாள். கேட்டால் முழுசாகக் கேட்டு எழுதுவது அவள் வழக்கம்.

"ஒங்கிட்ட மட்டும்தான் சொல்லுதேன். அவுக அக்கா தங்கச்சிக்குக்கூடத் தெரியாது."

"நான் யார்ட்டக்கா சொல்லப்போறேன்?"

போகும்போது பையிலிருந்து புளிப் பொட்டலத்தை எடுத்துச் சுவர் ஓரம் வைத்தாள். வேண்டாம் என்றதற்குக் கேட்கவில்லை. அவள் போனதும் குழல்வாய்மொழி பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கிலோ. கொட்டையோ நாரோ மருந்துக்கும் கிடையாது. கடையில் கிலோ நூற்றெண்பதுக்குக் குறையாது.

வைகாசியில் முத்துராஜ் வந்தான். ஆலங்குளத்துக்காரன், முப்பது வயதிருக்கும், நெற்றியில் சந்தனம், முதுகில் பை. வசூல்காரன் என்றால் மீசையும் கையுமாக இருப்பான் என்று நினைப்பவர்களுக்கு அவனைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். எல்.ஐ.சி. பாலிசி போட வந்தவன் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

காலை ஏழு மணி. குழல்வாய்மொழி செங்கோட்டைக்கு வாழைக்காய் விலை பார்க்கப் போயிருந்தாள். சங்கரநாராயணன் பின்பக்கச் சாய்ப்பில் புதிதாக வாங்கிய சீவுகட்டையைப் பழக்கிக்கொண்டிருந்தான். கொதிக்கிற சட்டிக்கு மேலே கட்டையைப் பிடித்து, காயை நேராக எண்ணெயிலேயே சீவ வேண்டும். தகடு ஒரு நூல் விலகினால் சிப்ஸ் நடுவில் தடித்து வேகாமல் கிடக்கும்.

"நல்லகண்ணு அண்ணாச்சிதான?"

"அவரு இருந்த வீடு. நான் வேற ஆளு. தைல வந்தோம்."

ஆதார் அட்டையைக் காட்டினான். முத்துராஜ் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். அதோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி. சங்கரநாராயணன்தான் வாயைத் திறந்தான். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவன் வழியில் நிற்கிற காளையைப் பார்த்து 'இது எம்புட்டு?' என்று கேட்பானே, அந்த மாதிரி.

"ஆமா, எம்புட்டுப் பாக்கி?"

"ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூறு அண்ணாச்சி."

"ஏ யப்பா! வண்டியத் தூக்கியாச்சு, வித்தாச்சு. பெறவு எங்க இருந்துவே இம்புட்டு வந்துது?"

"வட்டி, அபராத வட்டி, வண்டிய யார்டுல நிறுத்துன வாடகை, ஏலச் செலவு..."

"நிறுத்தினது நீரு. வாடகை அவனுக்கா? அதக் கழியும் மொதல்ல."

முத்துராஜ் நிமிர்ந்து பார்த்தான். பைக்குள்ளிருந்து கணக்குப் பார்க்கிற டேப்லெட்டை எடுத்தான்.

"ஒரே தவணையா முடிச்சா கம்பெனி கொறைக்கும். ஒண்ணு பத்து."

"நாப்பது."

"என்ன அண்ணாச்சி, கீரைக்கட்டா? எண்பத்தஞ்சு."

"இந்தாரும், ஓடிப்போனவன்ட்ட ஒமக்கு வரப்போறது சைபரு. சைபருக்கு மேல எது வந்தாலும் லாபந்தான. நாப்பத்தஞ்சு."

"எழுவது. மானேஜர்ட்ட நான் ஏச்சு வாங்கிக்கிடுதேன்."

"அம்பத்தஞ்சு. இதுக்கு மேல கேட்டா நீரு போவும்."

"அறுவத்திரெண்டு. ஒங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

சங்கரநாராயணன் சீவுகட்டையைக் கீழே வைத்தான். ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல் சொன்ன விலையை நின்ற நிலையில் அறுபத்திரண்டுக்கு இறக்கியிருக்கிறான். அவன் அப்பா இருந்திருந்தால் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி வெற்றிலையை மடித்துக்கொண்டே சந்தோஷப்பட்டிருப்பார்.

"சரி, முடியும்" என்றான்.

"அப்போ பேசினது நிக்கணும்லா? ஒரு அச்சாரம் போட்டுருங்க அண்ணாச்சி. ஐந்நூறு போதும்."

எங்கள் ஆட்களிடம் இரண்டு பழக்கம் உண்டு. விலையைக் கேட்டு, பாதிக்கும் கீழே இறக்கி, படிந்த பிறகு வேண்டாம் என்று போனால் மறுபடி அந்தக் கடையில் கால் வைக்க முடியாது. இரண்டாவது, காலையில் முதலாவதாகக் கை நீட்டினவனை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குத் துட்டு ஓடாது. இரண்டும் சேர்ந்து அவன் கையைப் பிடித்துப் போனை எடுக்க வைத்தன. ஐந்நூறு போய்ச் சேர்ந்ததற்கான சத்தம் முத்துராஜின் சட்டைப் பைக்குள் கேட்டது. பைக் தெரு முனை திரும்பின பிறகுதான் சங்கரநாராயணனுக்குத் தான் யாருடைய காளையை வாங்கியிருக்கிறோம் என்பது உறைத்தது. சட்டியில் கிடந்த சிப்ஸ் கருகிப்போயிருந்தது.

குழல்வாய்மொழி வந்ததும் சொன்னான். அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"எதுக்குங்க பேசினிய?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேட்டவரு எதுக்கு அறுவத்திரெண்டுல போயி நிறுத்தினிய?"

"அம்பதுக்கு வருவான்னு பார்த்தேன் மொழி. அதுக்குள்ள..."

"கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? இன்னும் பன்னண்டாயிரம் கொறைக்கலயேன்னு வருத்தப்படுதியளோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உண்மையில் அவன் வருத்தம் அதுவாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் சுடலைமணி சைக்கிளை விட்டு இறங்கியே வந்தார்.

"அண்ணாச்சி, இப்பம் ஒங்க பேருக்கே வந்துட்டு."

'நல்லகண்ணு சார்பில் திரு. சங்கரநாராயணன் ஒப்புக்கொண்ட தீர்வுத் தொகை ரூ. 62,000. பெறப்பட்ட முன்பணம் ரூ. 500. மீதியை ஏழு நாட்களுக்குள்...' குழல்வாய்மொழி இரண்டு தடவை படித்தாள். முன்பு வந்த பதினொரு கவரையும் கம்பியில் குத்தியவளுக்கு இதைக் குத்தக் கை வரவில்லை.

சீசன் நெருங்கிவிட்டது. ஐந்தருவி ரோட்டில் கடை போடுகிற இடத்துக்கு இந்த வருஷம் தரைவாடகை ஒரு லட்சத்து இருபதாயிரம். சனிக்கிழமைக்குள் கட்டவில்லையென்றால் ராஜபாளையத்துக்காரன் ஒருத்தன் கையில் பணத்தோடு நிற்கிறான். கூட்டுறவு வங்கியில் ஒன்றரை லட்சத்துக்கு எழுதிப்போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை வங்கியிலிருந்து வீடு பார்க்க வருவார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். லோன் வந்தால் கடை. கடை இருந்தால்தான் வருஷம். எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் கணக்கு அதுதான்.

முத்துராஜ் தினமும் வந்தான். சத்தம் போடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. எதிர் வேப்பமரத்து நிழலில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தான். எதிர்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் மெஹர் பானுவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சிப்ஸ்கார அண்ணாச்சி கடன் வாங்கினா ஒழுங்காத் தருவாவளாக்கா?" என்று கேட்டான்.

மெஹர் பானு நேராக இங்கே வந்துவிட்டாள்.

"மொழி, என்ன விஷயம்? நீங்க ஏதும் வாங்கிருக்கியளா?"

"நாங்க எங்க வாங்கினோம்! நல்லகண்ணு வாங்கினது."

"நல்லகண்ணு அண்ணன் வாங்கினதுக்கு ஒன் மாப்பிள்ளை எதுக்குத் துட்டு போட்டாவ? அவன் போன்ல காட்டுதான். பேரு, நேரம் எல்லாம் இருக்கு."

போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கேள்விதான் கேட்டார்கள். வக்கீல் ஒருவர், பயப்பட ஒன்றுமில்லை, நோட்டீஸ் விட்டால் ஒரு மாதத்தில் அடங்கிவிடுவான், மூவாயிரம் ஆகும் என்றார். மூவாயிரம் இருந்தது. ஒரு மாதம்தான் இல்லை.

"எங்க சிஸ்டத்துல ஒங்க பேரும் ஏறிட்டுல்லா. பேங்க்ல தட்டிப் பார்த்தா தெரியும்" என்று முத்துராஜ் புதன்கிழமை காலையில் சொன்னான். அது உண்மையா, உருட்டா என்று தெரியாது. உருட்டு என்று கண்டுபிடிப்பதற்குள் சனிக்கிழமை போய்விடும்.

அன்றைக்குத்தான் மலையில் மேகம் இறங்கியது. பத்து மணிவாக்கில் அந்த வருஷத்து முதல் சாரல். தூற்றல் என்றுகூடச் சொல்ல முடியாது. ஈரத்துணியை முகத்துக்கு நேரே உதறின மாதிரி. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து மேற்கே பார்த்துச் சிரித்தார்கள். மரத்தடியில் நனைந்துகொண்டிருந்த முத்துராஜைக் குழல்வாய்மொழி உள்ளே கூப்பிட்டாள்.

"வாங்க தம்பி. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

சங்கரநாராயணன் திகைத்துப்போய்ச் சுவரோரம் நின்றான். காப்பியோடு ஒரு தட்டில் சிப்ஸும் வந்தது.

"தம்பிக்கு என்ன சம்பளம்?"

"பதினஞ்சுக்கா. மாசம் பதினாலு பைல் முடிக்கணும். முடிக்கலன்னா அதுலயும் பிடிப்பாவ. இது வரைக்கும் ஒம்பதுதான் முடிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் இந்த மரத்தடில வந்து உக்காரணும்னு ஆசையா?"

"சரி, ஒளிக்காமச் சொல்லுங்க. எங்கிட்ட அறுவத்திரெண்டாயிரம் வராதுன்னு ஒங்களுக்கே தெரியும்லா?"

முத்துராஜ் சிப்ஸை வாயில் போட்டு மெதுவாக மென்றான். "தெரியும்."

"பெறவு எதுக்கு உக்காந்திருக்கிய?"

"நல்லகண்ணு வெலாசம் ஒங்களுக்குத் தெரியும்னு நெனைக்கேன். கம்பில தொங்குத கவர் ஒண்ணுக்குப் பின்னால கையெழுத்துல ஒரு போன் நம்பரு இருக்கு. அன்னைக்கே பார்த்தேன். கீழ உள்ள எழுத்த அடுத்த கவரு மறைச்சிட்டு. அடிச்சுப் பார்த்தேன், எடுக்க மாட்டேங்காவ. எனக்கு ஆளு கெடைச்சாப் போதும்க்கா. பைல் ஒங்க பேர்ல இருந்து எறங்கிரும்."

தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. சங்கரநாராயணன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"மொழி, வேண்டாம். அந்தப் பொம்பளை நம்பிச் சொல்லிருக்கா."

"நீங்க ஐந்நூறு போடும்போது யாரைக் கேட்டுப் போட்டிய?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ராஜபாளையத்துக்காரன் வந்து சட்டி வச்ச பெறவு எங்கன போயி நிப்பிய? ஒத்தித் துட்ட இன்னும் ரெண்டரை வருஷத்துக்குத் தொட முடியாது. அடுத்த சீசன் வரைக்கும் என்னத்தத் திங்க? சொல்லுங்க. பதில் இருந்தாச் சொல்லுங்க, நான் வாய மூடிக்கிடுதேன்."

அவன் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான். சுத்தமாக இருந்த சட்டியை உமி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். சட்டி கழுவுகிற சத்தத்தில் உள்ளே பேசுவது கேட்காது.

அதற்குப் பிறகு நடந்தது சுத்தமான வியாபாரம். புருஷன் செய்த மாதிரி விளையாட்டு வியாபாரம் இல்லை.

"மொதல்ல ஒங்க ஆபீஸ்ல இருந்து எழுத்து வரணும். இவுகளுக்கும் இந்தக் கடனுக்கும் சம்மந்தம் இல்லன்னு. சீல் வச்சு."

"போன்ல அனுப்பச் சொல்லுதேன்க்கா."

"பேப்பர்லயும் வரணும். இந்த வீட்டு வெலாசம் ஒங்க புஸ்தகத்துல இருந்து போவணும். இனிமே ஒரு கவர் இந்த வாசலுக்கு வரப்படாது. எதிர்த்த வீட்டு மெஹர் பானுகிட்ட ஆளு மாறிப் போச்சுன்னு நீங்களே சொல்லிட்டுப் போவணும். நாளைக்கு மரத்தடில ஒங்க பைக்கு நிக்கக் கூடாது."

"சரிக்கா."

"அந்த ஐந்நூறு?"

முத்துராஜ் சிரித்துவிட்டான். "அதையுமா?"

"எங்க துட்டுல்லா."

அவன் பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேஜையில் வைத்தான். ஒரு மணி நேரத்தில் போனில் எழுத்து வந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'சங்கரநாராயணன்' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொன்னாள். அதுவும் வந்த பிறகு கம்பியிலிருந்து அந்தக் கவரை உருவி, பின்பக்கத்தைப் பார்த்து வாசித்தாள்.

"பண்பொழி. புளிக் குடோன் பின்புறம். மூணாவது கதவு."

சொல்லிவிட்டு, கேட்காமலே ஒன்று சேர்த்துச் சொன்னாள். "அவுக மகளுக்கு வேலை கெடைக்கப் போவுது தம்பி. மாசாமாசம் கட்டிருவாவ. பைய, தன்மையாக் கேளுங்க."

"நான் தன்மையாத்தான்க்கா கேப்பேன்" என்றான் முத்துராஜ். செருப்பைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சாரலில் போனான்.

வியாழக்கிழமை வங்கியிலிருந்து வந்தார்கள். மெஹர் பானு தங்கமான குடும்பம் என்று சொன்னாள். லோன் வந்தது. சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தரைவாடகை கட்டி ரசீது வாங்கியாயிற்று.

அந்த வருஷம் சீசன் பிய்த்துக்கொண்டு போனது. அருவிகளில் தண்ணீர் குறையவே இல்லை. சங்கரநாராயணன் காலை ஆறு மணிக்குச் சட்டி முன்னால் நின்றால் வலது தோள்பட்டை மரத்துப்போகும் வரை சீவுவான். குழல்வாய்மொழி மஞ்சள் உப்புத் தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயில் தெளிப்பாள். சடசடவென்று அது பொங்கி அடங்குவதற்குள் அரிகரண்டியால் அள்ளிவிட வேண்டும். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற ஜனம் சூடு ஆறுவதற்குள் வாங்கிப் போகும். அவர்கள் இரண்டு பேரும் காய், எண்ணெய், கேஸ், சில்லறை என்று பேசினார்கள். வேறு ஒன்றும் பேசவில்லை. மூக்கம்மாள் கொடுத்த புளி நல்ல புளி. ஆனி முடிகிற வரைக்கும் குழம்புக்கு வந்தது.

ஆடி பதினைந்து வாக்கில் சுடலைமணி கடைக்கே வந்துவிட்டார்.

"மதினி, வீடு பூட்டியிருந்துது. அதான் இங்கன கொண்டாந்தேன். நல்லகண்ணு வீட்டுக்குத் தபாலு நின்னுபோச்சுன்னுல்லா நெனச்சேன். இது அந்தப் புள்ள பேருக்கு வந்திருக்கு. சென்னைத் தபாலு."

கெட்டியான காக்கிக் கவர். 'செல்வி ந. சுஜிதா' என்று அச்சடித்திருந்தது. குழல்வாய்மொழி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். போன் போட்டுப் பார்த்தாள். நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது.

இரண்டு நாள் கழித்து வெள்ளம் அதிகமாகி அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். ஈ காக்கை இல்லை. அவள் பண்பொழி பஸ் ஏறினாள். பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ். மடியில் கவரை மழை படாமல் பாலிதீனில் சுற்றி வைத்திருந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். எதுவும் படியவில்லை.

புளிக் குடோன் பின்புறம் மூன்றாவது கதவில் பூட்டு தொங்கியது. குடோன் வாசலில் நாலைந்து பெண்கள் கட்டையால் புளியை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"யாரு வேணும்?"

"மூக்கம்மாக்கா..."

"அவ போயி ஒரு மாசம் ஆச்சு. பைனான்ஸ்காரன் வந்து இங்கனயே உக்காந்துட்டான். ரொம்ப மரியாதையான பயதான், செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தான். ஒரு நாள் இல்ல, எட்டு நாள். குடோன் மொதலாளி பார்த்தாரு, யாவாரம் கெடும்னு ரூம்பக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. எங்கன போனாவன்னு எங்ககிட்டயே சொல்லல. சொல்லுவாளா இனிமே?"

"மக?"

"அவளுந்தான். ஏதோ சர்ட்டிபிகேட்டு வரணும், வந்தா வேலைன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தா. நேரத்துக்கு வரலன்னு அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாவளாம்."

இன்னொருத்தி புளியை உதறிக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்சவங்கதான் யாரோ காட்டிக் குடுத்திருக்கணும்னு அழுதா. யாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டா. சொன்னா அவியளுக்குப் பாவம் சேரும்னா. கோட்டிக்காரி."

முதலில் பேசினவள் குழல்வாய்மொழியின் கையில் இருந்த காக்கிக் கவரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"நீங்க எந்தப் பைனான்ஸு?"

குழல்வாய்மொழி கவரை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வரும்போதும் டிக்கெட் இல்லை.

ஆவணிப் பாதியில் கூட்டம் வடிந்தது. தகரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டு, மத்தியானம் காலி இடத்தில் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்களில் உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்கு முடித்தார்கள். அவன் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து வாசித்தான். அவள் நோட்டில் எழுதினாள்.

"மொத்த விற்பனை ஏழு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரம். காய், ரெண்டு அறுவத்தொண்ணு ஐந்நூறு. எண்ணெய், ஒண்ணு முப்பத்தெட்டு. சவம், எண்ணெய் வெலைதான் கழுத்தப் பிடிச்சுது. தரைவாடகை, ஒண்ணு இருவது. கேஸ், முப்பத்தோராயிரத்து எரநூறு. கூலி, முப்பத்தாறு. உப்பு, மஞ்சப்பொடி, கவர் எல்லாமாச் சேத்துப் பதினாலாயிரத்து எண்ணூறு. பேங்க் வட்டி நாலாயிரத்து ஐந்நூறு."

அவள் கூட்டிக் கழித்தாள். "ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் நிக்கி."

"கொள்ளாமே! ஒரு பைசா இடிக்கல பார்த்தியா?" அவன் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிப்பு வந்தது. "மூடு நோட்டை. போவோம்."

அவள் மூடவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். புதுப் பக்கத்தில் தலைப்பு எழுதினாள். அவன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு அடங்கி, டின்களை எடுத்து அடுக்கப் போனான். அவள் கோடு இழுத்து, வியாபாரத்தில் எப்படி எழுத வேண்டுமோ அப்படியே எழுதினாள்.

*மூக்கம்மாள் கணக்கு*

*வரவு: புளி 2 கிலோ — ரூ. 360*

*வரவு: விலாசம் 1 — ரூ. 500*

*செலவு: பண்பொழி போய்வர பஸ் — இலவசம்*

*தர வேண்டிய பாக்கி: ரூ. 860. கவர் ஒன்று.*